பதிவேடும் மாற்றமும்: கட்டமைவுப் பதிவேட்டின் வரலாறு

இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கிறது. பெங்களூரிலோ புனேயிலோ ஐதராபாத்திலோ நொய்டாவிலோ, வாடகை வீட்டில் உறங்கிக் கொண்டிருக்கும் நம்மவர் ஒருவர் எழுந்து பேசுகிறார். கடல் கடந்த நாடொன்றில் ஒரு வங்கியின் பணி நின்றுபோயிற்று. அதனைத் தாங்கும் கணினிகளுள் ஒன்று செயலற்றுக் கிடக்கிறது. அதனை நிறுத்தி மீண்டும் இயக்கலாமா என்று கேட்கிறார்கள். இயக்குவது சில நிமிட வேலைதான். ஆயினும் இயக்குவதற்கு முன் அவர் ஒன்றை அறிந்தாக வேண்டும். இக்கணினியை நம்பி வேறு எவை எவை நிற்கின்றன? சம்பளப் பட்டியல் இதன்மீது ஓடுகிறதா? வேறொரு கிளையின் பணப்பட்டுவாடா இதன் வழியே செல்கிறதா? பழுதுற்ற ஒன்றை எழுப்பப் போய், நன்றாக இருக்கும் நான்கினை வீழ்த்திவிட்டால் என் செய்வது?

இந்த வினாவுக்கு விடை கூறுவதற்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அதனைக் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் டேட்டாபேஸ் என்பர். தொழிலில் உள்ளோர் சி.எம்.டி.பி. என்று சுருக்கிச் சொல்வர். நாம் அதனைக் கட்டமைவுப் பதிவேடு என்று வழங்குவோம். வெளி மாநிலங்களில் வாழும் தமிழருள் பல்லாயிரவர் நாள்தோறும் இப்பதிவேட்டைத் திறந்து பார்க்கின்றனர், அதில் எழுதுகின்றனர், பல வேளைகளில் அதனை நம்பாமல் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டுத் தெரிந்து கொள்கின்றனர். அது தோன்றிய வரலாறோ அவர்களுட் பலருக்கும் சொல்லப்பட்டதில்லை. அவ்வரலாறு கணினி அறையில் தொடங்கியதன்று. ஏவுகணைத் தளத்திலும் விண்கலத் தொழிற்சாலையிலும் தொடங்கியது. மூவர் உயிரை விலையாகக் கொடுத்த நிகழ்ச்சி ஒன்றும் அதனுள் அடங்கும்.

இத்தொழிலுக்குப் புறம்பான நேயர்களுக்காக, பதிவேடு இன்னதென்று முதலில் விளக்கிவிடுவது நலம். ஓர் அலுவலகத்தில் மேசை இத்தனை, நாற்காலி இத்தனை என்று எழுதி வைப்பது இருப்புப் பதிவேடு. அஃது என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். கட்டமைவுப் பதிவேடு இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். இருக்கும் பொருள் இன்று எந்நிலையில் இருக்கிறது என்பது ஒன்று. அது வேறு எதனோடு எவ்வாறு இணைந்திருக்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டனுள்ளும் பின்னதே பதிவேட்டின் உயிர் என்று நாம் கருதுகிறோம்.

ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டு எடுக்காத வெளி மாநிலத் தமிழர் இலர் ஆதலின், அதனையே உவமையாகக் கொள்வோம். இரயில்வேயின் கணினி முன்பதிவு 1985இல் தில்லியில் தொடங்கிற்று. பின்னர் மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் மையங்கள் எழுந்தன. தொடக்கத்தில் இவை தனித்தனியே இயங்கின. 1999ஆம் ஆண்டளவில் ஐந்தும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. தாதர் நிலையத்துச் சாளரத்தில் நிற்பவர் சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் வண்டியில் இடம் கேட்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் கண்ணுக்குத் தெரிவன ஒரு திரையும் ஓர் அச்சுப்பொறியுமே. அவற்றின் பின்னே ஒரு தொலைத்தொடர்பு வழி, மும்பை மையத்துக் கணினி, சென்னை மையத்துக்குச் செல்லும் இணைப்பு, அங்குள்ள கணினி, அதில் ஓடும் நிரல், அந்நிரல் படிக்கும் இடங்களின் கணக்கு என்று ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் இத்துறையினர் 'உருப்படி' என்பர். எந்த உருப்படி எதன்மேல் நிற்கிறது என்று எழுதி வைத்திருந்தால், நடுவில் ஒரு கண்ணி அறும்போது எந்தச் சாளரங்கள் மூடும் என்பதை முன்னரே சொல்லிவிடலாம். எழுதி வைக்காவிட்டால், சாளரத்தில் நிற்பவர் கூச்சலிட்ட பின்பே தெரியவரும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க நாடு சோவியத் ஒன்றியத்தோடு போட்டியிட்டு நெடுந்தூர ஏவுகணைகளை விரைந்து செய்து கொண்டிருந்தது. ஒரு ஏவுகணையில் பல்லாயிரம் உறுப்புகள் உண்டு. அவற்றைப் பல ஊர்களிலுள்ள பல தொழிற்சாலைகள் செய்தன. சோதனையில் ஒரு குறை கண்டால் அங்கேயே ஒரு குழாயை மாற்றுவர். ஒரு கம்பியை இடம் பெயர்ப்பர். வேலை விரைவாக நடக்க வேண்டும் என்ற ஆவலில் எழுதி வைக்க மறப்பர். ஏவுகணை நன்றாகப் பறக்கும். அதே போன்று இன்னொன்று செய்வோம் என்று வரைபடத்தை எடுத்தால், பறந்த ஏவுகணை வேறு, வரைபடத்தில் உள்ள ஏவுகணை வேறு என்பது தெரியவரும். ஆகவே அமெரிக்க விமானப்படை 1962இல் ஒரு கையேட்டை வெளியிட்டது. 375-1 என்பது அதன் எண். ஒரு பொருளின் ஏற்றுக்கொள்ளப்பட்ட வடிவம் இதுதான் என்று முதலில் வரையறுப்பது, அதன்பின் எந்த மாற்றமும் ஒரு குழுவின் ஒப்புதலின்றி நிகழாமல் காப்பது, நிகழ்ந்த மாற்றத்தைப் பதிவது, பதிவும் பொருளும் ஒத்திருக்கின்றனவா என்று நேரிற் சென்று சரிபார்ப்பது ஆகிய முறைகள் இக்காலத்தில் உருப்பெற்றன. இன்று கணினித் துறையில் ஓதப்படும் பாடம் ஏறத்தாழ இதுவே.

மினிட்மேன் என்னும் ஏவுகணைத் திட்டத்தை நடத்திய படைத் தலைவர் சாமுவேல் பிலிப்ஸ் என்பவர் 1964இல் சந்திரனுக்கு மனிதரை அனுப்பும் அப்பல்லோ திட்டத்தின் இயக்குநரானார். தாம் பழகிய முறையையும் உடன் கொண்டு சென்றார். அவ்வாண்டே அப்பல்லோவுக்கென்று தனிக் கட்டமைவுக் கையேடு வெளிவந்தது. பொறியியல் வல்லுநர் பலர் இதனைக் காகித வேலை என்று முணுமுணுத்தனர். கையேடு இருந்தது, ஆயினும் அதன்படி ஒழுகுதல் எளிதாக இல்லை.

1967ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள், ஏவுதளத்தில் நின்ற கலத்தினுள் ஒத்திகைக்காக அமர்ந்திருந்த கிரிஸ்ஸம், ஒயிட், சாஃபி ஆகிய மூன்று விண்வெளி வீரர்களும் தீயில் மாண்டனர். தூய ஆக்சிஜன் நிறைந்த அறை, எளிதிற் பற்றும் பொருள்கள், உள்நோக்கித் திறக்கும் கதவு, காப்புக் குறைந்த மின்கம்பி ஆகியவையே அக்கேட்டுக்குக் காரணங்கள். பதிவேட்டுக் குறையே தீயை மூட்டியது என்று நாம் கூறலாகாது. ஆனால் ஆராய்ச்சிக் குழு கலத்தின் ஏடுகளைப் புரட்டியபோது கண்ட செய்தி ஒன்று நம் பொருளுக்கு நேரே வருகிறது. அக்கலம் 1966 ஆகஸ்டில் தொழிற்சாலையிலிருந்து ஏவுதளத்துக்கு வந்து சேர்ந்தபோது, முக்கியமான பொறியியல் ஆணைகள் 113 நிறைவேற்றப்படாமல் நின்றன. வந்து சேர்ந்த பிறகு மேலும் 623 ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. அவற்றுள் அண்மையில் வந்த 22 ஆணைகள், தீ நிகழ்ந்த நாளில், கட்டமைவுப் பதிவுகளில் ஏறியிருக்கவேயில்லை. சுருங்கச் சொன்னால், மூவரை உள்ளே அமர்த்திக் கதவடைத்த அந்நாளில், அவர்கள் அமர்ந்திருந்த கலத்தின் முழு வடிவத்தைக் காட்டும் ஏடு எங்கும் இல்லை.

அதன் பின்னர் கலத் திட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஜார்ஜ் லோ என்பவர் செய்தது மிக எளியதொரு செயல். மாற்றங்களை ஆராயும் குழு ஒன்றை அமைத்து, அதற்குத் தாமே தலைமை தாங்கினார். வெள்ளிக்கிழமை தோறும் நண்பகலில் அக்குழு கூடும். பல நாள் இரவு வரை நீளும். பொறியாளர் மட்டுமல்லர், மருத்துவரும் விண்வெளி வீரரும் தொழிற்சாலைப் பொறுப்பாளரும் அதில் அமர்ந்தனர். 1967 சூன் முதல் 1969 சூலை வரை அது 90 முறை கூடியது. 1,697 மாற்றங்களை ஆராய்ந்தது. 1,341 மாற்றங்களுக்கு ஒப்புதல் அளித்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அங்கே எழுப்பப்பட்ட வினாக்களுள் ஒன்று, இது வேறு எந்த உறுப்பைத் தொடும் என்பது. நள்ளிரவில் நம்மவரை எழுப்பும் வினாவும் அதுவேயன்றோ?

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் ஓரிழை நழுவிப் போயிற்று. அதன் கதை அப்பல்லோ 13. இதனைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில் 'இணைப்பு' என்னும் கருத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி வேறொன்று நமக்குத் தெரியவில்லை.

கலத்தில் ஆக்சிஜனைக் குளிர்ந்த நிலையில் வைக்கும் தொட்டிகள் உண்டு. தொட்டியினுள்ளே ஒரு சூடேற்றி. அது அளவுக்கு மீறிச் சூடாகாமல் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு விசை. தொடக்கத்தில் இவை யாவும் 28 வோல்ட்டு மின்சாரத்துக்கென்று வகுக்கப்பட்டன; கலம் பறக்கும்போது கிடைப்பது அந்த அளவுதான். ஆனால் ஏவுதளத்தில் தரையிலிருந்து தரப்படும் மின்சாரம் 65 வோல்ட்டு. ஆகவே 1965இல் ஓர் ஆணை பிறந்தது: சூடேற்றி 65 வோல்ட்டைத் தாங்க வேண்டும். தொட்டியைச் செய்தவர்கள் சூடேற்றியை மாற்றினர். சிறு விசையை மாற்றவில்லை. கலத்தைச் செய்த பெரிய நிறுவனமும் இதனைக் கவனிக்கவில்லை. அரசாங்கத்தின் விண்வெளி நிறுவனமும் கவனிக்கவில்லை. ஆணை முறைப்படி எழுதப்பட்டிருந்தது; கையொப்பமும் இருந்தது. சூடேற்றி மாறினால் விசையும் மாற வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் யாருடைய கணக்கிலும் நின்று உறுத்தவில்லை.

அந்தத் தொட்டி முதலில் வேறொரு கலத்தில், அப்பல்லோ 10இல், பொருத்தப்பட்டிருந்தது. மாற்றம் செய்வதற்காக 1968இல் அதனைக் கழற்றியபோது ஏறத்தாழ இரண்டு அங்குலம் நழுவி விழுந்தது. வெளியே குறை ஒன்றும் தெரியவில்லை. பின்பு அது அப்பல்லோ 13க்கு வந்தது. 1970 மார்ச்சில் ஒத்திகை முடிந்து ஆக்சிஜனை வெளியேற்ற முயன்றபோது வழக்கமான முறையில் அது வெளியேறவில்லை. சூடேற்றியை இயக்கி ஆவியாக்கி விடுவோம் என்று முடிவு செய்தனர். எட்டு மணி நேரம் சூடேற்றி ஓடியது. 28 வோல்ட்டுக்கென்று செய்த விசை 65 வோல்ட்டைத் துண்டிக்க முயன்றபோது உருகி ஒட்டிக் கொண்டது. துண்டிக்க ஒன்றும் இல்லாத நிலையில் உள்ளே வெப்பம் 500 பாகை செல்சியசைத் தாண்டியிருக்கும் என்று பின்னர்க் கணித்தனர். வெளியே இருந்த அளவுமானியோ விசை துண்டிக்க வேண்டிய வெப்பத்துக்கு மேல் காட்டும்படி அமைக்கப்படவில்லை; ஆகவே பார்த்துக் கொண்டிருந்தவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றியது. கம்பிகளின் மேலுறை கருகிற்று. ஏப்ரல் 13ஆம் நாள், பூமியிலிருந்து மூன்று இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், அத்தொட்டி வெடித்தது. மூவரும் 17ஆம் நாள் உயிரோடு மீண்டது அவர்தம் துணிவாலும் தரையிலிருந்தோர் அறிவாலும் நிகழ்ந்தது.

இக்கதையில் எழுதாமல் விட்டவர் எவரும் இலர் என்பதை நேயர்கள் கருத வேண்டும். 1967இல் குறை, எழுதப்படாமை. 1970இல் குறை, எழுதியதற்கும் எழுதியதற்கும் இடையே கோடு போடாமை. பட்டியல் எத்துணை நீளமாயினும் உருப்படிகளுக்கிடையே இணைப்பு எழுதப்படாவிட்டால் அது பாதி உண்மையே.

விண்வெளியிலிருந்து கணினி அறைக்கு இம்முறை வந்த வழி நேரானதன்று. மென்பொருள் எழுதுவோர் 1970களிலேயே தம் நிரல்களின் பதிப்புகளைக் காக்க இதனைக் கைக்கொண்டனர். அலுவலகங்களின் அன்றாடக் கணினிப் பணிக்கு இதனைக் கொண்டு வந்தது பிரிட்டிஷ் அரசாங்கம். அரசுத் துறை ஒவ்வொன்றும் தன் போக்கில் கணினி வாங்கிப் பெருஞ்செலவு செய்து கொண்டிருந்த 1980களில், மையக் கணினி மற்றும் தொலைத்தொடர்பு முகமை என்னும் அலுவலகம் நல்ல நடைமுறைகளைத் திரட்டி நூல்வரிசையாக வெளியிடத் தொடங்கியது. அவ்வரிசையே ஐட்டில் என்று இன்று உலகெங்கும் வழங்குவது. நம்மவர் பலர் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதும் இதிலேதான். பழுதை ஆராய்பவர், மாற்றத்தை அனுமதிப்பவர், செலவைக் கணக்கிடுபவர் ஆகிய எல்லோரும் ஒரே ஏட்டைப் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வேட்டுக்கு வைத்த பெயரே கட்டமைவுப் பதிவேடு. 2000இல் பிரிட்டனின் தரமாகவும் 2005இல் உலகத் தரமாகவும் இம்முறை ஏற்கப்பட்டது. அவ்வுலகத் தரத்தின் எண் 20000.

இதற்கிடையே ஒரு பெருந்தேர்வு வந்தது. ஆண்டுக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கிய பழைய நிரல்கள் 2000ஆம் ஆண்டை 1900 என்று கொள்ளும் என்ற அச்சம் எழுந்தது. திருத்தும் பணியிற் பெரும்பகுதி இந்தியாவுக்கு வந்தது. நம் இளைஞர் பலர் ஊரை விட்டு பெங்களூருக்கும் மும்பைக்கும் அதற்கப்பாலும் சென்றது இப்பணியை ஒட்டியே. திருத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை எண்ணுவது: எத்தனை நிரல், எந்தக் கணினியில், எது எதை அழைக்கிறது? அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 1997இல் வெளியிட்ட வழிகாட்டியும் இவ்வெண்ணிக்கையைத் தொடக்கக் கட்டத்திலேயே வைத்தது. முப்பது ஆண்டு ஓடிய நிரலை எழுதியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அதனை ஏன் எழுதினார் என்று அறிந்தவர் எவரும் இரார். அந்நிலையில் வேற்று நாட்டிலிருந்து வரியை வரியாகப் படித்து உறவைக் கண்டுபிடித்தவர்கள் நம்மவர். இவ்வுழைப்புக்கு வரலாற்றில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது நம் எண்ணம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கழிந்து புத்தாண்டு அமைதியாகப் பிறந்ததும், ஆபத்தே இல்லாதிருந்தது போலும் என்று பலர் பேசலாயினர்.

இத்தனை சிறப்புடைய பதிவேடு நடைமுறையில் ஏன் பெரும்பாலும் ஏளனத்துக்கு ஆளாகிறது? இத்தொழிலில் உள்ளவரைக் கேட்டால் சிரிப்பார். "அதில் இருப்பது ஒன்று, அறையில் இருப்பது ஒன்று" என்பார். இதற்குக் காரணம் காண ஊர்க் கணக்கை நினைவு கூர்வது உதவும்.

நம் கிராமங்களில் சிட்டா என்றும் அடங்கல் என்றும் கணக்குகள் உண்டு. இன்னார் பெயரில் இன்ன நிலம் என்பது சிட்டா. இன்ன புல எண்ணில் இவ்வாண்டு என்ன பயிர் நிற்கிறது என்பது அடங்கல். அடங்கல் மெய்யாக இருக்க வேண்டுமானால், எழுதுபவர் வரப்பின்மேல் நடந்து பயிரைப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் ஜமாபந்தி நடந்து, மேலதிகாரி கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். 1980இல் பழைய கணக்குப்பிள்ளைப் பதவி ஒழிந்து, பின்னர் கிராம நிர்வாக அலுவலர் வந்த போதும் இம்முறை மாறவில்லை. நடந்து பார்க்காமல் சென்ற ஆண்டு எழுதியதையே படியெடுத்தால், கரும்பு நின்ற வயலில் ஏடு நெல்லைக் காட்டும். வெளியூரில் வாழும் நாம் இதனை வேறொரு வகையிலும் அறிவோம். தந்தை மறைந்து இருபது ஆண்டாகியும் பட்டா இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருப்பதைக் கண்டு, விடுமுறைக்கு வந்த இடத்தில் தாலுகா அலுவலகத்துப் படியேறியவர் நம்முட் குறைவா? நிலம் கைமாறியபோதே ஏடும் மாறியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

கணினி அறையிலும் இதுவே நிகழ்கிறது. முதலில் பெருமுயற்சியோடு எல்லாவற்றையும் எழுதுவர். திருகாணி முதல் திரைச்சீலை வரை எதையும் விடமாட்டோம் என்று தொடங்கும் முயற்சி ஆறு திங்களில் களைத்துவிடும். எதை எழுதுவது என்பதைக் காட்டிலும் எதை எழுதாமல் விடுவது என்று தீர்மானிப்பதே இதில் அரிய கலை. ஒருவருக்கும் பயன்படாத விவரத்தைக் காப்பதற்கு ஒருவரும் முன்வரார். பின்பு ஒரு நள்ளிரவில் அவசர மாற்றம் ஒன்று செய்வர். காலையில் எழுதுவோம் என்பர். காலையில் வேறொரு அவசரம் வரும். இவ்வாறு நூறு இரவுகள் கழிந்தால், அறையில் நிற்பது வேறு உலகம்.

கையால் எழுதுவதை விடுத்து, வலைப்பின்னலைத் தானே துழாவி இருப்பதையெல்லாம் கண்டெழுதும் கருவிகள் வந்தன. இவை பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஒரு கணினியின் பெயர், நினைவகம், அதில் ஓடும் நிரல்கள், அது எதனோடு பேசுகிறது என்பனவற்றை அவை நொடியில் சொல்லும். ஆனால் அக்கணினி யாருக்காக இருக்கிறது, நின்றுபோனால் எவரிடம் கேட்பது, ஏன் அது இன்னும் பழைய நிரலை ஓட்டுகிறது என்பவற்றைத் துழாவி அறிய இயலாது. அவை மனிதர் நினைவில் இருப்பவை. அம்மனிதர் ஈராண்டுக்கொருமுறை வேலை மாறுபவர். விடைபெறும் நாளில் அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்கிறார்கள். மடிக்கணினியைத் திருப்பிக் கேட்கிறார்கள். தலைக்குள் இருப்பதைக் கேட்டு எழுதிக்கொள்வார் அரியர். விட்டு வந்த அலுவலகத்திலிருந்து மூன்று திங்கள் கழித்தும் அழைப்பு வந்ததாகச் சொல்லாத கணினிப் பணியாளரை நாம் சந்தித்ததில்லை.

ஐட்டில் நூல்களும் இதனை உணராமல் இல்லை. 2007இல் வந்த பதிப்பு, எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் அடைத்துவிடலாம் என்ற பழைய எண்ணத்தைத் தளர்த்தி, பல பதிவேடுகளை இணைத்துக் காட்டும் ஓர் அமைப்பைப் பற்றிப் பேசியது. கணினிகளே மேகத்தில் ஒரு நொடியில் தோன்றி ஒரு மணியில் மறையும் காலம் பின்னர் வந்தது. அங்கே முதலில் செய்துவிட்டுப் பிறகு எழுதுதல் என்பதற்கே பொருளில்லை. ஆகவே எழுதியதைக் கொண்டே செய்தல் என்னும் தலைகீழ் முறை பரவியது: வேண்டிய கட்டமைவை முதலில் ஏட்டில் எழுதுவர்; அவ்வேட்டைப் படித்துக் கணினியே தன்னை அமைத்துக் கொள்ளும். ஏடும் பொருளும் பிரிவதற்குரிய வழி அங்கே குறுகிவிடுகிறது. எனினும் மாற்றத்தை ஏட்டில் செய்யாமல் நேரே பொருளில் கைவைக்கும் பழக்கம் அங்கும் ஒழிந்தபாடில்லை.

எழுதாமையின் விலையை 2021 திசம்பர் உலகுக்குக் காட்டிற்று. லாக்4ஜே என்பது ஜாவா மொழி நிரல்களில் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவதற்கு உதவும் ஒரு சிறு துணை நிரல். அதில் ஒரு பெரும் ஓட்டை இருப்பது அத்திங்களில் வெளியாயிற்று. ஓட்டையை அடைக்கும் திருத்தம் விரைவிலேயே கிடைத்தது. கிடைக்காதது வேறு: அத்துணை நிரல் தம்மிடம் எங்கெங்கு இருக்கிறது என்ற விடை. வாங்கிய மென்பொருளுக்குள்ளே இன்னொன்று, அதற்குள்ளே மற்றொன்று என்று அது ஒளிந்து கிடந்தது. அமெரிக்க அரசின் ஆய்வு வாரியம் 2022 சூலையில் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டு அரசுத் துறை ஒன்று மட்டும் இதற்காக 33,000 மணி நேரம் உழைத்தது. மென்பொருளின் உட்பொருள்களையும் மருந்துப் பெட்டியின் மேல் எழுதுவது போல் எழுதித் தர வேண்டும் என்ற கோரிக்கை இதனால் வலுப்பெற்றது. நம் நாட்டில் கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் செர்ட்-இன் நிறுவனமும் 2024 அக்டோபரில் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது.

அதே 2024இல், சூலை 19ஆம் நாள் காலை, இந்திய நேரப்படி பத்து மணிக்குச் சற்று முன்னதாக, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான கோப்பு ஒன்று உலகெங்குமுள்ள விண்டோஸ் கணினிகளுக்குச் சென்றது. எழுபத்தெட்டு நிமிடங்களில் அதனைத் திரும்பப் பெற்றனர். அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன என்று மைக்ரோசாப்டு கணக்கிட்டது. வலைவழியே அவற்றை எழுப்ப இயலாதவையே பல. ஒருவர் நேரில் சென்று, தனி முறையில் இயக்கி, அக்கோப்பை நீக்க வேண்டியிருந்தது. மறையாக்கம் செய்த கணினியாயின் அதற்குரிய நீண்ட மீட்பு எண்ணும் வேண்டும். எந்தக் கணினி எந்த அறையில் இருக்கிறது, அதன் மீட்பு எண் எது என்று அன்று கேட்கப்பட்டது. அந்த எண்களைக் காத்த கணினியே நீலத் திரையோடு நின்ற இடங்களும் உண்டு. வெள்ளிக்கிழமை அது. பல அலுவலகங்களில் நம்மவர் அவ்வார இறுதி முழுவதும் இருக்கை இருக்கையாகச் சென்று கொண்டிருந்தனர்.

அன்று ஐதராபாத் விமான நிலையத்தில் பயணி ஒருவருக்குக் கையால் எழுதிய ஏறுசீட்டு வழங்கப்பட்டது. அதன் படம் நாடெங்கும் பரவியது. பயணியின் பெயர், விமானத்தின் எண், இருக்கையின் எண் ஆகியவற்றை ஒருவர் பேனாவால் நிரப்பியிருந்தார்.